கொடுத்த பிறகு



மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் வழங்க மத்திய அரசு நடத்தும் திட்டத்துக்கு 'அடிப்' என்று பெயர். 1981 முதல் நடந்துவருகிறது. அதில் ஒரு விதி உண்டு. ஒருமுறை உபகரணம் வாங்கியவர் மறுபடி மூன்று ஆண்டு கழித்துத்தான் கேட்க முடியும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஓராண்டு போதும். இந்த விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பொதுப்பணம் என்றால் கணக்கு வேண்டும். ஒருவரே ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கிற அடுத்தவர் என்ன செய்வார்? எனக்குள்ள கேள்வி வேறு. பொருள் கைக்கு வந்த நாளுக்கும் மூன்றாம் ஆண்டின் கடைசி நாளுக்கும் நடுவே அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது, அதற்கு யார் பொறுப்பு? அந்த மூன்றாண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

செயற்கைக் கால் செய்து பொருத்தும் தொழிலில் இருந்தவன் நான். மேடைப்பேச்சு பழக்கமில்லை. ஆகவே சட்டத்தையும் கொள்கையையும் பிறகு பார்ப்போம். முதலில் காலைப் பார்ப்போம்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒருவர் வருகிறார். எஞ்சியிருக்கும் காலின்மேல் ஈரப்படுத்திய பிளாஸ்டர் துணியைச் சுற்றி வார்ப்பு எடுப்போம். அந்த வார்ப்புக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அவர் காலின் நகல் கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. முழங்கால் சிப்பிக்குக் கீழே ஓடும் தசைநாண் எடையைத் தாங்கும். நகலில் அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டிக் குறைப்போம். வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பின் தலை அழுத்தம் தாங்காது. அங்கே மாவு பூசிக் கூட்டுவோம். எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்பதுதான் இந்தத் தொழில். பிறகு அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்துப் படியவைத்தால் ஒரு குழி கிடைக்கும். அதைச் சாக்கெட் என்போம். அவர் அதில் காலை நுழைத்து எழுந்து நின்று, நாலு அடி நடந்து, கழற்றியதும் தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்போம். உண்மையில் சாக்கெட்தான் கால். அதற்குக் கீழே இருக்கும் குழாயும் பாதமும் விலை கொடுத்தால் கிடைக்கிற சரக்கு.

சிக்கல் என்னவென்றால், எஞ்சிய கால் ஒரே அளவில் நிற்பதில்லை. அறுவை முடிந்த முதல் ஓராண்டில் வீக்கம் வடியும், வேலை இல்லாத தசை சுருங்கும், கால் மெலியும். தை மாதம் கச்சிதமாகப் பொருந்திய சாக்கெட் ஆடி மாதம் லொடலொடவென்று ஆடும். உள்ளே ஒரு காலுறை கூடுதலாகப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு இன்னொன்று. உறைகள் நாலைந்து ஆனதும் புதுச் சாக்கெட் செய்தே ஆகவேண்டும். வளர்கிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிச் சீருடை எப்படிச் சின்னதாகிறதோ அப்படிச் சாக்கெட்டும் சின்னதாகும். இதற்குமேல் நம்மூர் வெயில். சித்திரையில் அந்தப் பிளாஸ்டிக் குழிக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறி, உராய்ந்து புண்ணாகும். சர்க்கரை நோயால் கால் இழந்தவருக்கு அந்தப் புண் சுலபமாக ஆறாது. ஆறாத புண் அவரை மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும். இந்த முறை முழங்காலுக்கு மேலே.

ஆகவே செயற்கைக் காலை ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. செய்தவரும் அணிந்தவரும் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய ஏற்பாடு அது.

காதொலிக் கருவிக்கும் இதே கதைதான். காதுக்குப் பின்னால் மாட்டும் 'மிஷினை' மட்டும் பார்க்காதீர்கள். காதுக்குள் போகும் அச்சு அவரவர் காதுக்கென்று வார்த்து எடுக்கவேண்டியது. அச்சு தளர்ந்தால் சத்தம் வெளியே கசிந்து, அதையே மைக் மறுபடி வாங்கி, கருவி விசிலடிக்கும். பிள்ளைக்குக் காது வளர வளர அச்சு தளரும். வகுப்பில் விசிலடிக்கிற கருவியைப் பிள்ளை என்ன செய்யும்? கழற்றிப் பைக்குள் போடும். பெற்றோர் 'மிஷின் சரியில்லை' என்பார்கள். மிஷின் நன்றாகத்தான் இருக்கும், மாற்றவேண்டியது ஒரு துண்டு அச்சு. பொத்தான் அளவு பேட்டரி வேறு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். அதை விற்கிற கடை எல்லா ஊரிலும் கிடையாது.

இனி முகாமுக்கு வருகிறேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முதலில் அளவெடுப்பு முகாம். மருத்துவர், அலுவலர், கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 1972இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. நாட்டில் கொடுக்கப்படும் மூன்று சக்கர சைக்கிளிலும், காலில் பூட்டும் காலிபரிலும் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. 40 சதவீத ஊனம் என்ற சான்று, வருமானச் சான்று, அடையாள அட்டை எல்லாம் பார்ப்பார்கள். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் என்றால் முழுச் செலவும் அரசுடையது. 30,000 வரை பாதி. சில மாதம் கழித்து வழங்கும் விழா. பந்தல், நாற்காலி, புகைப்படம். அமைச்சரோ ஆட்சியரோ கொடுப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் 'இத்தனை பேருக்கு இத்தனை லட்சம் மதிப்பில்' என்று வரும்.

முகாமைப் பழிப்பது எளிது. நான் பழிக்கமாட்டேன். முகாம் இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். தவழ்ந்தே வாழ்ந்து முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முகாமுக்கு ஒரு இயல்பு உண்டு. அது ஒரு நாள் நிகழ்ச்சி. ஒரு நாள் நிகழ்ச்சியில் எண்ணக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை கொடுத்தோம். 2020 பிப்ரவரி 29ஆம் தேதி பிரயாக்ராஜில் பிரதமர் கலந்துகொண்ட முகாமில் 26,000க்கும் மேற்பட்டோருக்கு 56,000க்கும் மேற்பட்ட உபகரணங்கள் வழங்கப்பட்டன. நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கும் ஏற்பாடு. அத்தனை பேருக்கும் நாற்காலியின் அகலத்தையும் கால்மிதியின் உயரத்தையும் உட்காரவைத்துச் சரிபார்க்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று நான் தொழில்காரன் புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்குவதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எட்டுப் படிகள். அனுப்பிவைத்தல், மதிப்பிடுதல், எது ஏற்றது என்று எழுதிக்கொடுத்தல், பணம் ஏற்பாடு செய்து தருவித்தல், பொருளைத் தயார்செய்தல், உடம்புக்குப் பொருத்துதல், பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல், கடைசியாகப் பழுதுநீக்கி மறுபடி மறுபடி பார்த்தல். நம் முகாம்கள் பெரும்பாலும் ஐந்தாவது படியில் மாலை போட்டு முடித்துவிடுகின்றன. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு, மெத்தை இல்லாமல், அகலம் கூடின நாற்காலியைக் கொடுத்தால் சில வாரத்தில் படுக்கைப்புண் வரும். வலி தெரியாததால் அவருக்கே தெரியாது. புண் ஆழமாகி சீழ் வைத்தபின் தெரியும். அந்த நாற்காலி அவருக்கு உதவியா, ஆபத்தா?

1993இல் அமெரிக்காவில் பெட்சி ஃபிலிப்ஸ், ஹாங்சின் ஜாவ் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உபகரணம் பயன்படுத்தும் 227 பேரிடம் கேட்டு, வாங்கிய பொருள்களில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டதாகக் கண்டார்கள். ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு நான்கு காரணம் சொன்னார்கள். பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, பொருள் சரியாக வேலை செய்யாதது, அவருடைய தேவை மாறிவிட்டது. இந்த மூன்றும் நாம் ஊகிக்கக்கூடியவை. நான்காவது என்னைத் திடுக்கிட வைத்தது: பொருள் சுலபமாகக் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. சுலபமாக என்றால் அளவெடுக்காமல், முயன்று பார்க்காமல், யாரோடும் பேசாமல் கைக்கு வந்தது என்று பொருள். ஏற்கெனவே பரண்மேல் ஒன்று இருக்கும். இதுவும் அதன் பக்கத்தில் போய்ச் சேரும்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்று நம்மிடையே ஒரு பழமொழி இருக்கிறது. வாங்குகிறவர் வாய்திறக்கக் கூடாது என்கிறது. அரசுத் திட்டத்தில் அந்தப் பழமொழிக்கு இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 21 வகை ஊனங்களை ஏற்றது. அதன் 24ஆவது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உபகரணங்களை இலவசமாக வழங்கச் சொல்கிறது. சட்டப்படி வருகிற பொருள் தானமாகாது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், குளம்பையும் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் வேறு மாடு கேட்கலாம்.

ஆனாலும் வழங்கும் முறை இன்னும் தானத்தின் முறைதான். கொடுத்த கணத்தில் பொருள் வாங்கியவருடையதாகிறது. அதோடு கொடுத்தவரின் கடமை தீர்கிறது. திட்டத்தின் வழிமுறைகளில் பொருத்திய பின் கவனிப்பு என்று எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எழுதியிருப்பதைச் செய்ய ஓர் இடம், ஓர் ஆள், ஒரு தொகை வேண்டும். பஞ்சரான சக்கரத்தோடு ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

இங்கிலாந்தில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோதே காதொலிக் கருவி இலவசம் என்றார்கள். 'மெட்ரெஸ்கோ' என்ற கருவியை அரசே வடிவமைத்துக் கொடுத்தது. நான் கவனிக்கச் சொல்வது கருவியை அல்ல, கணக்கை. இன்றும் அங்கே காதொலிக் கருவி நோயாளிக்கு நீண்டகால இரவலாகத்தான் தரப்படுகிறது. பொருள் அரசுடையது. ஆகவே பேட்டரி அரசு தருகிறது, பழுதானால் அரசு பார்க்கிறது. தேவை முடிந்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரவல் கொடுத்தவருக்குத் தன் பொருள் எப்படி இருக்கிறது என்ற அக்கறை இருந்தே தீரும். தானம் கொடுத்தவருக்கு அது இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நம் திட்டங்களில் ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்லி என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெரிய பொருள்களையாவது, பேட்டரி நாற்காலி, பிரெய்ல் கருவி, பேச்சுக்கருவி போன்றவற்றையாவது, இரவலாகக் கொடுங்கள்.

'இரவல் என்றால் நம் மக்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளமாட்டார்கள்' என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். நூலகப் புத்தகத்தையும் எரிவாயு உருளையையும் இரவலாக வாங்கித்தானே வைத்திருக்கிறோம் என்றேன். சிரித்தார். கோப்பு நகரவில்லை.

அமெரிக்காவில் 1988இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 1998இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2004இல் அதைத் திருத்தினார்கள், 2022இல் மறுபடி புதுப்பித்தார்கள். அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு திட்டம் இருக்கவேண்டும். அது நான்கு வேலை செய்யவேண்டும். பொருளைக் காட்டி விளக்குவது, கொஞ்ச நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் முயன்றுபார்க்க இரவல் தருவது, ஒருவர் பயன்படுத்தி விட்டதைச் சீர்செய்து இன்னொருவருக்குத் தருவது, வாங்கப் பணவசதி செய்துகொடுப்பது. பொருளை நேராகக் கையில் கொடுப்பது இந்த நான்கில் இல்லை என்பதைப் பாருங்கள். அங்கே காப்பீடு இல்லாதவன் படும் பாடு எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அங்கிருந்து எடுக்கச் சொல்லவில்லை.

இந்த நான்கில் நாம் எங்கே இருக்கிறோம்? காட்டி விளக்குவது தொடங்கிவிட்டது. மெரினாவுக்கு எதிரே, காமராஜர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் 'அனைத்தும் சாத்தியம்' என்று ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்றாலும் தொடாதே என்று பலகை இருக்காது. எல்லாவற்றையும் தொட்டு, உட்கார்ந்து, இயக்கிப் பார்க்கலாம். ஒரு கையால் காய்கறி நறுக்கும் பலகையிலிருந்து பேச்சு வராதவர் படத்தைத் தொட்டுப் பேசும் கருவி வரை இருக்கிறது. பேச்சுக்கருவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கியது சென்னைதான். அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யாசாகர் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து செய்தது. பயன்படுத்துகிறவரைக் கேட்டுச் செய்த பொருள் என்பதால் சொல்கிறேன்.

பணவசதியும் இருக்கிறது. மத்தியத் திட்டம், மாநிலத் திட்டம், முதலமைச்சர் காப்பீட்டில் சிறு பிள்ளைகளுக்குக் காக்ளியர் அறுவை. 2022 ஜூனில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்த 'ரைட்ஸ்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற பெயரில் உட்கோட்ட அளவில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. எல்லாச் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ். இது சரியான திசை. முகாம் நகர்ந்துவிடும், மையம் நகராது. பழுதோடு வருபவருக்குத் தட்ட ஒரு கதவு வேண்டும் என்றேனே, அது இதுவாக இருக்க முடியும். அந்த மையத்தில் இயன்முறை மருத்துவருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் அறை ஒதுக்கும்போது, ஒரு மூலையில் ஸ்பானரும் வெல்டிங் கருவியும் வைத்துக்கொண்டு உட்கார ஒருவருக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். இரவலும் மறுபயன்பாடும் நம்மிடம் இன்னும் முளைவிடவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. நசரத்பேட்டை சென்னையின் நீட்சிபோலத் தெரிந்தாலும் திருவள்ளூர் மாவட்டம். அருங்காட்சியகமும் ஆணையரகமும் கிழக்கே கடற்கரையில். மனு கொடுக்கவேண்டிய மாவட்ட அலுவலகம் மேற்கே, திருமழிசை, வெள்ளவேடு, அரண்வாயல் தாண்டி. இரண்டும் தூரம். மூன்று சக்கர வண்டிக்கு மனு கொடுக்க, மூன்று சக்கர வண்டி இல்லாதவர் எப்படிப் போவார் என்ற கேள்விக்கு அரசாங்கக் காகிதங்களில் பதில் தேடிக் களைத்துவிட்டேன். ஆட்டோவுக்குக் கொடுத்த காசைக் கூட்டினால், அவருக்கு வந்த ஊன்றுகோலின் விலையைத் தாண்டிவிடும்.

சரி, எது நன்றாக நடக்கிறது? இதைக் கேட்டுப் பார்த்தால்தான் மற்றதற்கு வழி தெரியும். என் அனுபவத்தில் மூன்று பொருள்கள் கொடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று. தோற்றத்தில் பழசு, இளைஞர்கள் ஏறக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அதன் சக்கரம் சைக்கிள் சக்கரம், செயின் சைக்கிள் செயின், கம்பியும் டியூபும் சைக்கிளுடையவை. அம்பத்தூரில் பல பத்தாண்டுகளாகச் சைக்கிள் செய்துவந்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த உதிரிப்பாகச் சந்தையும், தெருவுக்குத் தெரு இருந்த சைக்கிள் கடையும்தான் இந்த வண்டியின் பணிமனை. அரசு ஒரு பைசா செலவழிக்காமல் நாடு முழுக்கப் பராமரிப்பு வலை கிடைத்தது. இப்போது சைக்கிள் கடைகள் குறைந்துவருகின்றன. அது இந்தத் திட்டத்தைத் தொடும் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, தமிழ்நாடு அரசு இலவசமாகத் தரும் இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மனுக்கள் குவிகிற காரணம் எளிது. எஞ்சின் பழுதானால் எந்த மெக்கானிக்கும் பார்ப்பான். அதில் ஏறினவர் ஊனமுற்றவர்போல் அல்லாமல் வேலைக்குப் போகிற ஆளாகத் தெரிகிறார். தெருவில் அந்த மரியாதை கணிசமானது.

மூன்றாவது, கைபேசி. இதைப் பேசப் பூந்தமல்லியை விடப் பொருத்தமான இடம் இல்லை. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசியப் பார்வை மாற்றுத்திறன் நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு காலத்தில் பார்வையற்ற மாணவனின் உபகரணம் என்றால் பிரெய்ல் பலகை, குத்தூசி, வசதி இருந்தால் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சுக் கருவி. அந்தப் பிரெய்லரைக் காட்பாடியில் வொர்த் அறக்கட்டளை செய்கிறது. முழுக்க இயந்திரம், சிப் எதுவும் கிடையாது, கழற்றிப் பூட்டலாம். இன்று அதே மாணவன் கையில் ஸ்மார்ட்போன். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக்காட்டும் மென்பொருள் அதற்குள்ளேயே வருகிறது. ரூபாய் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும் 'மணி' செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. கணினிக்கு 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பான் இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது. தனி உபகரணமாக வாங்கினால் பல ஆயிரம் ஆகிற காரியங்கள் சாதாரணப் பொருளுக்குள் வந்துவிட்டன. போன் உடைந்தால் பூந்தமல்லி கடைவீதியில் எத்தனை கடை!

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். போன் வந்துவிட்டது என்று பிரெய்லைக் கைவிடும் பேச்சு அங்கங்கே கேட்கிறது. காதால் கேட்டு மட்டும் வளர்கிற பிள்ளைக்கு எழுத்துப்பிழை தெரியாது, கணக்கின் படிகள் கைக்கு வராது. ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன? ஏற்கெனவே ஊரில் இருக்கிற பழுதுநீக்கும் தொழிலோடு பொருந்திக்கொண்டன. எதிர்ப்பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியைப் பாருங்கள். தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது உயிர். கொடுத்த முதல் ஆண்டு வீட்டில் திருவிழா. ஈயப் பேட்டரியின் ஆயுள் ஓரிரு ஆண்டு. அது போனபின், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் வாழ்கிற குடும்பம் சில மாதத் தொகையை மொத்தமாக எடுத்து வைத்தால்தான் புதுப் பேட்டரி. மறுபடி கேட்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்ற விதி ஒருபக்கம் நிற்கிறது. கையால் தள்ளலாம் என்றால் அந்த எடை தள்ளக்கூடியதல்ல. துணி காயப்போட்ட நிலையில் அந்த நாற்காலிகளை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலிக்கு ஒதுக்கின பணத்தோடு இரண்டாவது பேட்டரிக்கும் சேர்த்து ஒதுக்கியிருந்தால் இது நேராது.

பெற்றவர்களைத் திரும்ப அழைத்துப் பார்க்கிற வழக்கம் நமக்குத் தெரியாததுமில்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். அந்த நிலையம் ஆண்டுதோறும் 'ரீஹேப் மேளா' நடத்துகிறது. பழைய நோயாளிகள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். விளையாட்டு, சாப்பாடு, பாட்டு. அதற்கிடையில் புண் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, என்று உடம்பையும் பார்த்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போர்க் காலத்தில் கண்ணிவெடியால் கால் போனவர்களுக்கெல்லாம் ஊரிலேயே பட்டறை வைத்துக் கால் செய்தது. ஜெய்ப்பூர்க் கால் என்பது 1968இல் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பர் பாதம், சம்மணமிட்டு உட்காரலாம், வயலில் இறங்கலாம். அதைவிட முக்கியம், அதைச் செய்யவும் திருத்தவும் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். பாதை அடைபட்ட காலத்தில் அதன் அருமை தெரிந்திருக்கும்.

பொறியியல் மாணவர்கள் நிறையப்பேர் வந்திருக்கிறீர்கள். ஐஐடி சென்னையில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினர் எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை 2019இல் வெளியிட்டார்கள். 2022இல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால். அவர்களிடமிருந்து வந்த 'நியோபோல்ட்' கருவியை நாற்காலியின் முன்னால் பூட்டினால் நாற்காலி ஸ்கூட்டர்போல் ஓடும். பெருமைப்படவேண்டியவை. ஆனால் உங்கள் எல்லோரையும் புதுக் கருவி கண்டுபிடிக்கச் சொல்லப்போவதில்லை. கல்லூரிக் கண்காட்சிகளில் 'பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கோல்' எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒன்றாவது பூந்தமல்லிப் பள்ளி மாணவன் ஒருவனிடம் கொடுத்து நடக்கச் சொல்லிப் பார்த்ததா என்று கேட்டால் பதில் வராது. சாதாரண வேலை ஒன்று இருக்கிறது. பல சக்கர நாற்காலிகளின் முன்சக்கரத்தில் 608 என்ற எண்ணுள்ள சின்ன பேரிங்தான் இருக்கும். மழைநீரும் மணலும் புகுந்தால் அது பிடித்துக்கொள்ளும், நாற்காலி ஒருபக்கம் இழுக்கும். மாற்றுவது எளிய வேலை, விலையும் பொருட்படுத்தத்தக்கதல்ல. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததால் நாற்காலி மூலைக்குப் போகிறது.

இந்த ஊரைப் பாருங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர், மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற இடம். லாரி பட்டறை, டயர் கடை, வெல்டிங் கடை, பேட்டரி கடை வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் திருமழிசைத் தொழிற்பேட்டை. உலோகத்தோடு வேலை செய்யத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பூந்தமல்லி வட்டத்துக்கு ஒரு பழுதுநீக்கும் மேசை போடலாம். வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள். பேரிங், டியூப், பிரேக் கம்பி, ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர், காலிபருக்கு வார், காதொலிக் கருவிக்கு பேட்டரி. ஊன்றுகோல் ரப்பர் சில ரூபாய்ச் சமாசாரம். அது தேய்ந்து ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு. மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கினால் மூன்றாவது மாதம் வரமாட்டார், அது நியாயமும்கூட. அங்கே செய்யமுடியாத வேலையை, அதாவது சாக்கெட், காது அச்சு, மின்னணுப் பழுது ஆகியவற்றை, குறித்துக்கொண்டு மேலே அனுப்பவேண்டும். அனுப்பியவர் திரும்பி வந்தாரா என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும். அந்த நோட்டுதான் எனக்கு முக்கியம். எந்த வகைப் பொருள் எத்தனை மாதத்தில் எங்கே உடைகிறது என்று அதிலிருந்து தெரியும். கொள்முதல் செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆலோசகர் கிடையாது.

'தணிக்கை ஒத்துக்கொள்ளாது, பயனாளிக்குக் கொடுத்த பொருளுக்கு மறுபடி செலவு காட்டமுடியாது' என்பார்கள். அதனால்தான் இரவல் என்றேன். அரசின் பொருளை அரசு பழுதுபார்த்தால் எந்தத் தணிக்கை தடுக்கும்? ஆட்சியரின் ஜீப்புக்கு டயர் மாற்றுகிறார்களே.

எண்ணிக்கை பெரிது என்பதும் எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். வயதானவர்களைச் சேர்த்தால் தேவை இன்னும் பெருகும். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவி உபகரணம் தேவை என்றும் 2050இல் அது 350 கோடி ஆகும் என்றும் சொல்கிறது. இந்த அரங்கில் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிற எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. உங்கள் கண்ணாடியின் திருகாணி கழன்றால் எங்கே போவது என்று உங்களுக்குத் தெரியும். காலிபர் போட்டிருப்பவருக்கும் அப்படி ஓர் இடம் தெரியவேண்டும்.

ஆகவே ஒரு சிறு வேலை தருகிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள், அல்லது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் முத்திரை ஒட்டிக் கேளுங்கள்: எங்கள் வட்டத்தில் மூன்றாண்டுக்கு முன் வழங்கிய சக்கர நாற்காலிகள், பேட்டரி வண்டிகள், காதொலிக் கருவிகள், செயற்கைக் கால்கள் எத்தனை, அவற்றில் இன்று பயன்பாட்டில் இருப்பவை எத்தனை, பழுதுநீக்கச் சென்ற ஆண்டு செலவான தொகை எவ்வளவு. முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். மற்ற இரண்டுக்கு என்ன வந்தாலும் எனக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.